குருவியின் மூச்சும் கெட்ட காற்றும்

லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. இங்கிலாந்தின் டெர்பி ஊரைச் சேர்ந்த ஜோசப் ரைட் 1768ல் வரைந்தது. ராத்திரி நேரம், ஒரு வீட்டு அறை, மேஜை மேல் ஒரே ஒரு வெளிச்சம், சுற்றிலும் ஒரு சின்னக் கூட்டம். நடுவில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் ஒரு வெள்ளைக் காக்கட்டூ கிளி, சிறகு விரிந்து கீழே சரிந்து கிடக்கிறது. குடுவையில் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். சிவப்பு அங்கி போட்ட ஒரு பெரியவர் குடுவையின் உச்சியில் இருக்கும் வால்வில் கை வைத்தபடி நேராக நம்மைப் பார்க்கிறார். திறந்தால் கிளி பிழைக்கும். திறக்காவிட்டால் அவ்வளவுதான். ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி பயத்தோடு அண்ணாந்து பார்க்கிறாள். ஓரத்தில் ஒரு காதல் ஜோடி கிளியையும் பார்க்காமல் பெரியவரையும் பார்க்காமல் தங்கள் உலகத்தில் இருக்கிறது (எந்த நூற்றாண்டிலும் அது அப்படித்தான் போல!).

வலது ஓரத்தில், ஜன்னல் பக்கம், ஒரு பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பறவைக் கூண்டை இறக்குகிறானா ஏற்றுகிறானா என்று தெரியாத மாதிரி நிற்கிறான். அந்தக் கூண்டைப் பார்த்த பிறகுதான் உறைக்கிறது. குடுவைக்குள் கிடப்பது எங்கிருந்தோ பிடித்து வந்த பறவை இல்லை, அந்த வீட்டிலேயே வளர்ந்த கிளி போலத் தெரிகிறது. நேற்று வரை செல்லம், இன்றைக்குக் காற்றை அளக்கும் கருவி. பறவைக்கும் மனிதன் சுவாசிக்கும் காற்றுக்கும் நடுவே இருந்த உறவு முந்நூறு வருடமாக இப்படித்தான் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

ஆரம்பித்து வைத்தவர் ராபர்ட் பாயில். கெமிஸ்ட்ரி புத்தகத்தில் 'பாயில் விதி' படித்தோமே, அவரேதான். ராபர்ட் ஹூக்கின் உதவியோடு 1659ல் ஒரு காற்று பம்ப் செய்தார். அதற்குள் என்னென்னவோ வைத்துப் பார்த்தார்: மெழுகுவர்த்தி, மணி, சுண்டெலி, வானம்பாடி, சிட்டுக்குருவி. காற்று குறையக் குறைய வர்த்தி அணைந்தது, குருவி துடித்து விழுந்தது. 1660ல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். ஏன் விழுந்தது என்பதற்கு அப்போது யாரிடமும் சரியான பதில் இல்லை. ஆக்சிஜன் என்ற சொல்லே வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. ஆனாலும் சோதனை பிரபலமாகிவிட்டது. ஊர் ஊராகப் போய் பம்பைக் காட்டிக் காசு வாங்கும் பேச்சாளர்கள் பெருகினார்கள். அவர்களில் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்பவர், உயிருள்ள பிராணியை வைத்துக் காட்டுவது பார்ப்பவர்களுக்குத் தாங்காது என்று சொல்லி, காற்றுப்பை ஒன்றை வைத்துக் காட்டினார். 18ஆம் நூற்றாண்டிலேயே இப்படி யோசித்த ஒரு மனிதர் இருந்திருக்கிறார் என்பது ஆறுதல்.

சரி, பறவைக்கு மட்டும் காற்று விஷயத்தில் அப்படி என்ன விசேஷம்? இதற்கான முதல் குறிப்பு 1774ல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரிடமிருந்து வந்தது. பறவையின் உடம்பில் நுரையீரல் தவிர காற்றுப்பைகள் இருக்கின்றன, அவை எலும்புக்குள்ளும் நுழைந்திருக்கின்றன என்று அவர் எழுதினார். ஒரு பறவையின் மூச்சுக்குழாயைக் கட்டிவிட்டு, இறக்கை எலும்பில் ஒரு வெட்டு போட்டால், அந்த வெட்டு வழியாகவே அது மூச்சு விடுவதைக் காட்டினார். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மை.

முழுக் கணக்கு புரிந்தது 1970களின் தொடக்கத்தில். க்னுட் ஷ்மிட்-நீல்சனும் அவர் கூட்டாளிகளும் வாத்துகளை வைத்து ஆராய்ந்தார்கள். நம் நுரையீரல் ஒரு முட்டுச்சந்து. காற்று உள்ளே போய் வந்த வழியே திரும்ப வேண்டும். கொஞ்சம் பழைய காற்று எப்போதும் உள்ளேயே தங்கிவிடும். பறவைக்கு ஒருவழிப்பாதை. உள்ளே வந்த காற்று முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போய், பிறகு நுரையீரல் வழியாக ஒரே திசையில் ஓடி, முன்பக்கப் பைகள் வழியாக வெளியேறும். மூச்சை இழுக்கும்போதும் புதுக்காற்று நுரையீரலில் ஓடுகிறது, விடும்போதும் ஓடுகிறது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சவ்வும் மிக மெல்லியது. பறப்பதற்கு அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும், அதனால் இப்படி ஒரு அமைப்பு. நல்ல காற்றை இவ்வளவு திறமையாக எடுத்துக்கொள்ளும் உடம்பு, கெட்ட காற்றையும் அதே திறமையோடு எடுத்துக்கொள்ளும். வம்பே அங்கேதான்.

இந்த வம்பை மனிதன் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திய இடம் நிலக்கரிச் சுரங்கம்.

1896 ஜனவரி 27. வேல்ஸ் பகுதியில் டைலர்ஸ்டவுன் என்ற ஊரின் சுரங்கத்தில் வெடிவிபத்து. 57 பேர் இறந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் போய் உடல்களைப் பரிசோதித்தார். வெடித்ததில் அடிபட்டுச் செத்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பெரும்பாலான உடல்களில் பெரிய காயமில்லை. தோல் மட்டும் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தது. அது கார்பன் மோனாக்சைடின் கையெழுத்து. வெடிப்புக்குப் பிறகு சுரங்கத்தில் பரவிய வாயுதான் அவர்களைக் கொன்றிருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். 1815ல் வந்த டேவி விளக்கு மீத்தேனைக் காட்டிக்கொடுக்கும், ஆக்சிஜன் குறைந்தாலும் மங்கும். இந்த வாயுவை அது கண்டுகொள்ளாது.

ஹால்டேன் சாதாரண ஆள் இல்லை. இதற்கு முந்தைய வருடமே, கார்பன் மோனாக்சைடைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தில் பாதிக்கு மேல் அது ஏறும்வரை உட்கார்ந்து குறிப்பெழுதியவர். மகனையும் விட்டுவைக்கவில்லை. சின்ன வயதில் அவனை ஒரு சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஆன்டனி பேசும் பேச்சை ஒப்பிக்கச் சொன்னாராம். பாதியிலேயே கால் துவண்டு பையன் விழுந்தான். தரையில் காற்று நன்றாக இருந்தது. மீத்தேன் மேலே தங்கும் என்ற பாடத்தை அவன் வாழ்நாளில் மறக்கவில்லை. அந்தப் பையன்தான் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964ல் புவனேஸ்வரில் காலமான ஜே.பி.எஸ். ஹால்டேன்.

அப்பா ஹால்டேன் சொன்ன யோசனை எளிமையானது. சின்னப் பிராணிக்கு மூச்சும் ரத்த ஓட்டமும் வேகம். அதே காற்றில் மனிதனுக்குப் பல நிமிடம் கழித்து வரும் மயக்கம் அதற்கு முதலிலேயே வந்துவிடும். முதலில் சுண்டெலியைச் சொன்னார். பிறகு கேனரிக் குருவிதான் சரி என்று ஆனது. எலி மயங்கினால் தூங்குகிறதா மயங்கியதா என்று குனிந்து பார்க்க வேண்டும். குருவி பட்டென்று குச்சியிலிருந்து விழுந்துவிடும், மங்கல் வெளிச்சத்திலும் தெரியும். இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். குருவியைக் கவிழ்க்கும் காற்று மனிதனை ஒன்றும் செய்யாது என்பதில்லை. இரண்டு பேருக்கும் அதே விஷம்தான். குருவிக்கு முன்னால், மனிதனுக்குப் பின்னால். காமர்ஸ் வகுப்பில் சொல்லும் 'லீட் டைம்' மாதிரி, அந்த நடுவிலிருக்கும் சில நிமிடங்களைத்தான் சுரங்கக்காரர்கள் குருவியிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

1911 முதல் பிரிட்டிஷ் சுரங்கங்களில் கேனரி வைத்திருப்பது முறையான ஏற்பாடானது. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பிரைஸ்வில் பக்கத்து கிராஸ் மவுண்டன் சுரங்கம் வெடித்து 84 பேர் இறந்தபோது, மீட்புக் குழு கேனரிக் கூண்டுகளோடுதான் உள்ளே இறங்கியது. ஐந்து பேரை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போரில் எதிரியின் பதுங்குகுழிக்கு அடியில் சுரங்கம் தோண்டிய படைவீரர்களும் கேனரியும் எலியும் வைத்திருந்தார்கள். எடின்பரோ கோட்டையில் 1927ல் திறந்த போர் நினைவகத்தில், இந்தக் குருவிகளுக்கும் எலிகளுக்கும் சுரங்கம் தோண்டியவர்களின் நண்பர்கள் என்று ஒரு சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள்.

நண்பன் என்பது வெறும் பேச்சில்லை. சீப் கார்மன் என்ற லண்டன் கம்பெனி ஒரு கூண்டு செய்தது. மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. கூண்டின் தலைமேல் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். முன்பக்கம் வட்டமாக ஒரு திறப்பு, காற்று போக வர. குருவி விழுந்தவுடன் அந்தத் திறப்பை மூடிவிட்டு சிலிண்டரைத் திருப்புவார்கள். சில நிமிடத்தில் குருவி எழுந்து உட்கார்ந்துவிடும். ரைட்டின் ஓவியத்தில் வால்வின் மேல் கை வைத்தவர் திறப்பாரா மாட்டாரா என்று தெரியாது. சுரங்கத்தில் திறந்தார்கள். அதிலும் தன் உயிருக்கு ஓடவேண்டிய நேரத்தில் நின்று திறந்தார்கள்.

1986 கடைசியில் பிரிட்டிஷ் அரசு கேனரிகளுக்கு ஓய்வு கொடுப்பதாக அறிவித்தது. இருநூறுக்கும் மேற்பட்ட குருவிகள். கையில் பிடிக்கும் எலெக்ட்ரானிக் கருவி வந்துவிட்டது. நீண்ட காலக் கணக்கில் அதற்குச் செலவும் குறைவு, அளவையும் எண்ணாகவே காட்டும். தொழிலாளர்கள் வருத்தப்பட்டார்கள் என்று அப்போதைய செய்திகள் சொல்கின்றன. வேலை நேரத்தில் குருவிகளோடு விசிலடித்துப் பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

சுரங்கத்துக் கதை இங்கே முடிகிறது. வீட்டுக் கதை முடியவில்லை.

கேனரி மனிதனுக்கு முதலில் வீட்டுப் பறவைதான். ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க் என்ற சுரங்க ஊரில், 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு கேனரி வளர்த்துப் பாடப் பழக்கி விற்றார்கள். இங்கிலாந்து வீடுகளில் கேஸ் விளக்கு எரிந்த காலத்தில், அறையின் உச்சியில் கூண்டைத் தொங்கவிடாதீர்கள், சூடான கெட்ட காற்று அங்கேதான் சேர்கிறது என்று பறவை வளர்ப்புப் புத்தகங்கள் எச்சரித்தன. கேஸ் விளக்கு போனது. வேறொன்று வந்தது.

1938 ஏப்ரல் 6 அன்று, டூபாண்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் வேறெதையோ தேடப்போய் ஒரு வழவழப்பான வெள்ளைப் பொடியைக் கண்டார். அதுதான் டெஃப்ளான். 1950களில் பிரான்சில் அதை வாணலியில் பூசினார்கள். சாதாரணச் சமையலில் அது சாது. அடுப்பில் மறந்து வைத்து 260, 280 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் சிதைந்து கண்ணுக்குத் தெரியாத புகையை விடும். மனிதனுக்கு ஃப்ளூ மாதிரி ஒரு காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் போய்விடும். பறவைக்கு? 1975ல் பிரிட்டனின் கால்நடை மருத்துவ இதழில் ஒரு சம்பவம் வெளியானது. ஒரு வீட்டில் வளர்த்த காக்கடீல் பறவைகள் இந்தப் புகையில் செத்தன, வளர்த்தவருக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. அப்படியே சுரங்கத்து நிகழ்ச்சிதான், இடம் மட்டும் சமையலறை. 1982ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பட்ஜெரிகர்களை (நம்மூர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அதுதான்) வைத்து இதை உறுதி செய்தார்கள்.

நான்-ஸ்டிக் மட்டுமில்லை. சிகரெட், கொசுவர்த்திச் சுருள், ரூம் ஸ்ப்ரே, சாம்பிராணி, புது பெயிண்ட், பக்கத்து ஷெட்டில் ஓடும் ஜெனரேட்டர் எல்லாம் ஒரே வரிசை. கூண்டைச் சமையலறையிலோ அதை ஒட்டியோ வைக்காமல் இருப்பது முதல் வேலை. ஜன்னலைத் திறந்து வைப்பது அடுத்தது, ஆனால் கூண்டின் மேல் நேராகக் காற்று அடிக்கக் கூடாது. ஓசோன் விடும் சில ஏர் ப்யூரிஃபையர்கள் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்யும், வெறும் ஃபில்டர் உள்ளது போதும். இது ஒருபக்கக் கதையும் இல்லை. இறகுத் தூசியும் காய்ந்த எச்சமும் கலந்த காற்றைத் தொடர்ந்து சுவாசித்த புறா வளர்ப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோயை 1965ல் மருத்துவர்கள் விவரித்தார்கள். கூண்டைத் தினமும் சுத்தம் செய்வது பறவைக்காக மட்டுமில்லை.

சுரங்கத்துக் குருவியைப் பிழைக்க வைத்த சிலிண்டர் சமையலறைக் குருவிக்கு ஏன் பெரும்பாலும் உதவுவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் இடம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் கொடுத்தால் அந்த இடத்தைக் காலி செய்துவிடும். டெஃப்ளான் புகை நுரையீரலையே சிதைத்து, உள்ளே ரத்தம் கசியச் செய்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பறவையை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய், அப்படியே மருத்துவரிடம் ஓட வேண்டும். பல வீடுகளில் அடுப்பில் தவா இருப்பது நினைவுக்கு வருவதற்குள் பறவை கூண்டின் அடியில் கிடக்கிறது.