டை கட்டாத உறுப்பினர்

(டப்ளின் நகரத்து டோனி கிரெகரியும் அவருடைய பேட்டை மக்களும்)

நம் வரலாற்றுத் துறையில் படித்தவர்களுக்கு அயர்லாந்து என்றால் ஒரு மார்க் கேள்விதான் ஞாபகத்துக்கு வரும். "அரசுக் கொள்கையின் வழிகாட்டு நெறிகள் எந்த நாட்டிலிருந்து எடுக்கப்பட்டன?" அயர்லாந்து என்று எழுதுவோம், மார்க் விழும், அத்தோடு அந்தத் தேசத்தை மூட்டை கட்டி வைத்துவிடுவோம். 1937ஆம் ஆண்டு ஐரிஷ் அரசியலமைப்பைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்த அரசியலமைப்பின் கீழ் அங்கே என்ன நடந்தது, ஒரு ஏழைப் பேட்டையின் உறுப்பினர் தம் மக்களின் குறையைப் பாராளுமன்றத்தில் எப்படிக் கேட்டார் என்று நாம் படித்ததில்லை. மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். பாடத்தில் விட்டுப்போன அந்தக் கதையையே இங்கே சொல்கிறேன்.

கதைக்கு முன் ஒரு சின்ன இலக்கணம். ஐரிஷ் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கு "டாயில்" என்று பெயர். பிரதமரை "டீஷக்" என்பார்கள். அங்கே ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்பது கிடையாது. மூன்று, நான்கு, ஐந்து பேர் வரை உண்டு. வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று தம் விருப்பப்படி வரிசைப்படுத்துவார். நம் ராஜ்யசபைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் போடுகிறார்களே, அதே ஒற்றை மாற்று வாக்கு முறைதான். ஐந்து இடம் உள்ள தொகுதியில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் போதும், ஜெயித்துவிடலாம். இதனால் இரண்டு விளைவுகள். சொந்தக் கட்சிக்காரனே போட்டியாளன் ஆவதால் ஒவ்வொரு உறுப்பினரும் பேட்டை பேட்டையாகப் போய் வீட்டுவசதி, ஓய்வூதியம், சாக்கடை என்று மனு வாங்கியாக வேண்டும். இரண்டாவது, பெரிய கட்சி எதிலும் சேராத தனி ஆளும், ஒரு வட்டாரத்து மக்கள் கைவிடாமல் இருந்தால், உள்ளே போய்விடலாம்.

அப்படி உள்ளே போனவர்தான் டோனி கிரெகரி.

பேட்டையும் பிள்ளையும்

டப்ளின் நகரின் நடுவே லிஃபி ஆறு ஓடுகிறது. அதன் வடகரையில் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகள் ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகைகள். பிரபுக்கள் போனபின் அந்த மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று ஏழைகள் குடியேறினார்கள். ஆண்களுக்குக் கப்பல் துறையில் மூட்டை தூக்கும் வேலை. பெண்களுக்கு மூர் தெருவில் பழம், மீன், பூ விற்கும் வேலை. கண்டெய்னர் வந்தது, நூறு பேர் தூக்கிய சரக்கை ஒரு கிரேன் தூக்கியது, துறைமுக வேலை போயிற்று. 1970களின் கடைசியில் ஹெராயின் போதைப்பொருளும் உள்ளே நுழைந்தது. வேலையில்லாத பேட்டையில் அது காட்டுத்தீ போலப் பரவியது.

1947 டிசம்பரில் பிறந்த கிரெகரி அந்த மண்ணின் பிள்ளை. அப்பா துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவர். அம்மா நகராட்சி வீடு கேட்டுப் போனபோது, "ஆறு பிள்ளைகள் ஆனபின் வா" என்று சொல்லி அனுப்பினார்களாம். நகராட்சி உதவித்தொகையில் பள்ளிப் படிப்பு. கல்லூரிச் செலவுக்குக் கோடை விடுமுறையில் லண்டனில் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் வேலை. பட்டம் வாங்கி, ஐரிஷ் மொழியும் வரலாறும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஆனார். ஆக, நம்ம சப்ஜெக்ட்காரர்!

1979இல் நகராட்சி உறுப்பினர். 1981 ஜூன் பொதுத்தேர்தலில் நின்று தோற்றார். அதற்கு அடுத்த தேர்தலுக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

குழந்தைகளின் செருப்பு கவிழ்த்த அரசு

1982 ஜனவரி 27. காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டின் கூட்டணி அரசு பட்ஜெட் கொண்டுவந்தது. அதில் துணிமணிக்கும் குழந்தைகளின் செருப்புக்கும் விற்பனை வரி. லிமெரிக் நகரத்துச் சுயேச்சை உறுப்பினர் ஜிம் கெம்மி, கல்தச்சர், அரசுக்கு ஆதரவு தந்துவந்தவர், இதை என்னால் ஏற்க முடியாது என்று எதிர்த்து ஓட்டுப் போட்டார். 82க்கு 81 என்று அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. பிள்ளைகளின் செருப்பு ஒரு சர்க்காரையே உருட்டிவிட்டது.

பிப்ரவரி 18இல் மறுதேர்தல். மொத்தம் 166 இடம். சார்லஸ் ஹாஹியின் ஃபியன்னா ஃபாயில் கட்சிக்கு 81, ஃபிட்ஸ்ஜெரால்டின் ஃபீன கேல் கட்சிக்கு 63, தொழிற்கட்சிக்கு 15, தொழிலாளர் கட்சிக்கு 3, மற்றவர்கள் 4. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்த நான்கு பேரில் ஒருவர், டப்ளின் மத்தியத் தொகுதியில் முதல் தடவையாக ஜெயித்த கிரெகரி.

ஓய்வாகக் கிடந்த அந்தத் தெருவுக்குப் பெரிய தலைவர்கள் வந்தார்கள். ஹாஹி வந்தார், ஃபிட்ஸ்ஜெரால்டும் பேசினார். கிரெகரி தனியாகப் பேசவில்லை. பேட்டையில் பல வருஷம் பாடுபட்ட சமூகப் பணியாளர்களைக் கூடவே உட்கார வைத்துக்கொண்டார். மந்திரி பதவி கேட்கவில்லை. தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒரு பட்டியல்.

தொகுதிக்குள் 440 புது வீடுகள். டப்ளின் நகரின் மற்றப் பகுதிகளுக்கு 1,600 வீடுகள். நகரின் உட்பகுதியில் கூடுதலாக 500 பேருக்கு வேலை தர 40 லட்சம் பவுண்டு. மூன்று வருஷத்தில் 3,746 வேலைகள். தனியார் கையில் அலுவலகக் கட்டடங்களாக மாறவிருந்த துறைமுகத்தின் 27 ஏக்கர் நிலத்தை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும். மூடிக்கிடந்த கிளொண்டால்கின் காகித ஆலையையும் அரசு ஏற்க வேண்டும். மொத்தச் செலவு 10 கோடி பவுண்டுக்கு மேல் என்று அன்று பேசிக்கொண்டார்கள். ஹாஹி கையெழுத்துப் போட்டார். ஒரு பெரிய தொழிற்சங்கத்தின் பொதுச் செயலாளர் சாட்சி. மாஃபியாவை உவமை காட்டி ஹாஹி ஒரு வேடிக்கை வார்த்தையும் சொன்னதாகப் பேச்சு உண்டு.

அடுத்து நடந்ததுதான் வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டியது. இப்படிப்பட்ட பேரங்கள் எந்த நாட்டிலும் மூடிய அறைக்குள் முடிந்துவிடும். கிரெகரி அப்படி விடவில்லை. 1982 மார்ச் 9ஆம் தேதி சபையில் எழுந்து, ஒப்பந்தத்தின் விவரங்களைச் சபைக் குறிப்பில் ஏறும்படி படித்தார். நாடு முழுக்கக் கேட்டது. மறைவாகக் கொடுத்த வாக்குறுதியை மறுக்கலாம். சபைக் குறிப்பில் ஏறியதை எப்படி மறுப்பது? அன்று ஹாஹி 86க்கு 79 என்ற கணக்கில் டீஷக் ஆனார். தொழிலாளர் கட்சியின் மூன்று பேரும் வடக்கிலிருந்து வந்த ஒரு சுயேச்சையும் அந்த 86இல் அடக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால், கிரெகரியின் ஒரு ஓட்டு இல்லாமலும் அவர் ஜெயித்திருப்பார். ஆனால் பேச்சு நடந்த நாட்களில் அது யாருக்கும் நிச்சயமில்லை.

இது நியாயமா?

நியாயமா என்று கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏழைகள் டப்ளின் வடகரையில் மட்டுமா இருந்தார்கள்? லிமெரிக்கிலும் கார்க்கிலும் இல்லையா? தேவையைப் பார்த்துப் பிரிக்க வேண்டிய பொதுப் பணத்தை, ஓட்டுக் கணக்கைப் பார்த்துப் பிரிப்பதா? நாளைக்கு இன்னொரு சுயேச்சை தன் ஊருக்கு ஒன்று கேட்டால் என்ன பதில்? இவை லேசான கேள்விகள் அல்ல. பின்னாளில் அயர்லாந்தில் சிறுபான்மை அரசுகள் வந்தபோதெல்லாம் சுயேச்சைகள் ஆளுக்கொரு பட்டியல் நீட்டினார்கள் என்பதும் உண்மை.

மறுபக்கமும் இருக்கிறது. அறுபது வருஷமாகப் பெரிய கட்சிகள் மாறி மாறி ஆண்டன. அந்தப் பேட்டை அப்படியே கிடந்தது. முறைப்படி கேட்டதெல்லாம் கோப்பில் தூங்கியது. ஒரு தடவை கணக்கு கூடி வந்தது. அந்த ஒரு தடவையைத் தம் மக்களுக்குப் பயன்படுத்தினார். பட்டியலில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் அவருடைய தொகுதிக்கு வெளியே உள்ளவை என்பதையும் மறக்கக் கூடாது. என் மனசுக்குப் படுவது இது: பேரம் என்ற சொல்லே கெட்டதல்ல. யாருக்காக, எவ்வளவு வெளிச்சத்தில் பேசப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

பலன்? அங்கேதான் சோகம். எட்டு மாதம் ஆவதற்குள், 1982 நவம்பர் 4ஆம் தேதி, நம்பிக்கை வாக்கெடுப்பில் 82க்கு 80 என்று ஹாஹி அரசு விழுந்தது. டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு திரும்ப வந்தார். ஒப்பந்தத்தில் பெரும்பகுதி ஏட்டோடு நின்றது. அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்ட அந்தத் துறைமுக நிலத்தில் 1987க்குப் பிறகு சர்வதேச நிதிச் சேவை மையம் எழும்பியது. கண்ணாடி மாளிகைகளில் உலக வங்கிகள். பக்கத்துச் சந்தில் அதே பழைய குடியிருப்புகள். ஒரு ஓட்டின் பலம் எவ்வளவு, அதன் பலவீனம் எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம்

பலரும் 1982ஓடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பின் வந்த காலம்தான் பெரிதாகத் தெரிகிறது. பேரம் பேசும் பலம் போய்விட்டது. இனி கையில் இருந்தது எதிர்வரிசையில் ஒரு நாற்காலியும் கேள்வி கேட்கும் உரிமையும் மட்டும்தான்.

டை கட்டாமலே சபைக்குப் போனார். என் தொகுதியில் பலருக்கு டை வாங்க வசதியில்லை என்பது அவர் காரணம். 1980களின் நடுவில் தெருவியாபாரப் பெண்களை உரிமம் இல்லை என்று போலீஸ் பிடித்தது. தலைமுறை தலைமுறையாகத் தள்ளுவண்டியில் விற்றவர்கள் அவர்கள். சபையில் பேசினால் போதாது என்று அவர்களோடு சாலையில் உட்கார்ந்தார். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் விடுகிறோம் என்றார்கள். மாட்டேன் என்று சொல்லி மவுண்ட்ஜாய் சிறையில் இரண்டு வாரம் இருந்தார். பதவியில் இருக்கும் ஒரு பாராளுமன்ற உறுப்பினர்!

1987 மார்ச்சில் சரித்திரம் திரும்பவும் கதவைத் தட்டியது. ஹாஹிக்கு ஆதரவு 82, எதிர்ப்பு 82. சபாநாயகரின் ஓட்டில் ஹாஹி டீஷக் ஆனார். கிரெகரி ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதால்தான் அந்தச் சமநிலையே வந்தது. இந்தத் தடவை பட்டியலும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

போதைப்பொருள் விஷயத்தில் அவர் விடாமல் கேட்டார். பேட்டைப் பிள்ளைகள் ஊசியோடு சாகிறார்கள். விற்பவனோ வருமானமே இல்லை என்று கணக்குக் காட்டிவிட்டு மாளிகை வாங்குகிறான். போலீஸ் ஒரு பக்கம், வரித்துறை ஒரு பக்கம், நலத்துறை ஒரு பக்கம் என்று இருந்தால் அவனை எப்படிப் பிடிப்பது? அந்த ஏழைத்தாய்மார் கேட்ட கேள்வியைத்தான் இவர் சபைக்குள் கொண்டுபோனார். வருஷங்கள் ஓடின. 1996 ஜூன் மாதம் ஜெர்ரி மக்கேப் என்ற போலீஸ் அதிகாரியும், அதே மாதம் 26ஆம் தேதி வெரோனிகா கெரின் என்ற பத்திரிகையாளரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நாடே கொதித்தது. அந்த ஆண்டிலேயே குற்றச் சொத்துக்களைப் பறிக்கும் சட்டம் வந்தது. போலீஸ், வரி, நலத்துறை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இயங்கும் தனிப் பிரிவும் அமைந்தது. ஒருவரால் வந்தது என்று சொல்வது சரியல்ல. எதிர்க்கட்சியில் பலர் அதற்கு உழைத்தார்கள். ஆனால் ஏழைப் பேட்டை பல வருஷம் கத்தியதை, அதற்கு வெளியே இரண்டு உயிர் போனபின்தான் நாடு கேட்டது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

1982இல் இரண்டு தடவை, பிறகு 1987, 1989, 1992, 1997, 2002, 2007. மொத்தம் எட்டுத் தேர்தல், எட்டிலும் ஜெயித்தார். 2009 ஜனவரி 2ஆம் தேதி புற்றுநோயால் காலமானார். அந்த ஆண்டு ஜூன் மாத இடைத்தேர்தலில் அவரோடு உழைத்த மாரீன் ஓ'சல்லிவனையே அந்த மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். கட்சி இல்லாத ஒருவருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இன்று நம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்வது: வரலாறு என்றால் ஜெயித்தவர்களின் பட்டியல் என்று நினைக்காதீர்கள். கிரெகரி ஆட்சியில் உட்கார்ந்ததே இல்லை. அவர் வாங்கிய ஒப்பந்தமும் முழுதாக நிறைவேறவில்லை. ஆனாலும் ஒரு பேட்டையின் தேவை, எத்தனை வீடு, எத்தனை வேலை, எத்தனை ஏக்கர் என்று எண்ணோடு ஒரு நாட்டின் சபைக் குறிப்பில் ஏறி நிற்கிறது. கொடுக்காமல் விட்டவர்கள் யார் என்பதற்கும் அதுவே சாட்சி. சபை நடவடிக்கைக் குறிப்புகள் நம் நாட்டிலும் அச்சாகின்றன. உங்கள் ஊர்ப் பெயர் அதில் எப்போது, யார் வாயால், எதற்காக வந்தது என்று தேடிப் பாருங்கள். நல்ல ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு அங்கே கிடைக்கும்.

அடுத்த தடவை அந்த ஒரு மார்க் கேள்விக்கு "அயர்லாந்து" என்று எழுதும்போது, டை கட்டாத அந்த வரலாற்று வாத்தியாரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.