நிவாரண அட்டைக்குப் பிறகு என்ன?



ஒவ்வொரு ஒக்டோபரிலும் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தை நினைவுகூருகிறோம். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட இரண்டு மணித்தியால அவகாசத்தைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குப் பிந்திய நிவாரண காலத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. நாம் படிக்க வேண்டியது அதிலும் இருக்கிறது.

வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விரட்டப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். அதிகமானோர் புத்தளத்துக்கு வந்தார்கள். முதல் நாட்களில் சோறு கொடுத்தவர்கள் புத்தளம் மக்கள்தான். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தங்குமிடமாகின.

பிறகு அரசாங்கத்தின் உலர் உணவு நிவாரணம் வந்தது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதி. சாமான்களின் விலை ஏறிக்கொண்டே போனது, அந்தத் தொகை வருடக்கணக்காக அப்படியே நின்றது. பெண்கள் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். பதிவைப் புத்தளத்துக்கு மாற்றினால் அட்டை வெட்டுப்படும், ஊர்க் காணியும் கைவிட்டுப் போகும் என்ற பயம் வேறு. நிவாரணம் பசியைத் தடுத்தது, உண்மை. ஆனால் அந்த அட்டையைக் கொண்டு யாரும் முகாமை விட்டு வெளியேற முடியவில்லை.

2007 இல் உலக வங்கியின் நிதியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. வீட்டு வேலை முன்னேற முன்னேற, பணம் கட்டங்கட்டமாகக் குடும்பத்தின் கைக்கே கொடுக்கப்பட்டது. உள்ளூர் ஏழைகளும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் உறுதியுள்ள காணித்துண்டு வேண்டும். அதை வாங்க முடிந்தவர்களுக்குச் சொந்த வீடு கிடைத்தது. முடியாதவர்கள் பின்தங்கினார்கள்.

பங்களாதேஷின் பிராக் நிறுவனம் 2002 இல் வேறு வழியைத் தொடங்கியது. பரம ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாடு அல்லது ஆடுகள், வருமானம் வரும்வரை சிறு உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒருவர். சுமார் இரண்டு வருடம், அதன்பின் உதவி நிற்கும். இதே முறையை ஆறு நாடுகளில் பரீட்சித்த ஆய்வு 2015 இல் வெளியானது. திட்டம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகும் போய்ப் பார்த்தார்கள். பெரும்பாலான நாடுகளில் முன்னேற்றம் நிலைத்திருந்தது. ஹொண்டுராஸில் கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போக, பயனும் போனது.

எத்தனை பொதி கொடுத்தோம் என்பதைவிட, உதவி நின்றபின் அந்தக் குடும்பம் எப்படி நிற்கிறது என்பதே சரியான கணக்கு. நமது ஊர் ஸகாத் நிதியிலும் இந்தக் கணக்கு வேண்டும். போன வருடம் பெற்றவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் பட்டியலில் இல்லை? அவர்கள் உழைத்து வெளியேறினார்களா, வெட்கப்பட்டு ஒதுங்கினார்களா? அடுத்த றமழானுக்கு முன் வீடு வீடாகப் போய்க் கேட்போம்.