பன்னிரண்டுக்கு ஒன்று வாட்டம்

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் மில்வால் என்றொரு பகுதி. 1857 நவம்பர் 3ஆம் தேதி அங்கே ஒரு கப்பலைத் தண்ணீரில் இறக்குவதைப் பார்க்க ஊரே திரண்டது. 692 அடி நீளம். அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு பெரிய கப்பலைக் கட்டியதில்லை. இறக்கும்போது அதன் எடை சுமார் 12,000 டன். வழியில் எங்கும் நிலக்கரி ஏற்றாமல் ஆஸ்திரேலியா வரை போகக்கூடிய கப்பல் வேண்டும் என்று பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புருனெல் கண்ட கனவு அது. 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற பெயரில் பிற்பாடு உலகம் அதை அறிந்தது. அன்றைக்கு அது சில அடி நகர்ந்தது, நின்றுவிட்டது. ஆற்றில் மிதந்தது 1858 ஜனவரி 31ஆம் தேதி.

பாலிடெக்னிக்கில் நெடுங்காலம் மெக்கானிக்ஸ் நடத்தியவன் நான். சாய்தளத்தில் சறுக்கும் பொருளின் உராய்வு என்ற பாடம் வந்தால் இந்தக் கப்பலைத்தான் போர்டில் வரைவேன். புத்தகத்துக் கணக்கில் ஒரு மரக்கட்டை இருக்கும், ஒரு கோணம் இருக்கும், 'உராய்வுக் குணகம் 0.3 எனக் கொள்க' என்று ஒரு வரி இருக்கும். அந்த 'எனக் கொள்க' என்ற இடத்தில்தான் மூன்று நூற்றாண்டு உழைப்பும் சில உயிர்களும் இருக்கின்றன. பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வரியைத் தாண்டிப் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

உராய்வு எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று 1699இல் பாரிஸில் அமோந்தோன் என்ற அறிவியலாளர் சொன்னார். லியனார்டோ டாவின்சி அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அது யார் கண்ணிலும் படவில்லை. சாய்தளத்தை இந்த விஷயத்துக்குள் முழுதாகக் கொண்டுவந்தவர் கணிதவியலாளர் ஆய்லர். 1750இல் அச்சான கட்டுரையில் அவர் வைத்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. பலகையை மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே போகிறோம். ஒரு கோணத்தில் கட்டை நகரத் தொடங்குகிறது. நிற்கும்போது இருந்த உராய்வே நகரும்போதும் இருக்குமானால், அந்தக் கோணத்தில் கட்டை ஊர்ந்து ஊர்ந்துதான் இறங்க வேண்டும். அப்படி நடப்பதில்லை, கிளம்பியதும் விறுவிறுவென்று ஓடுகிறது. ஆகவே, நகரும் பொருளின் உராய்வு நிற்கும் பொருளின் உராய்வைவிடக் குறைவு. ஒரு பலகையும் ஒரு கட்டையும் வைத்துக்கொண்டு நிலை உராய்வையும் இயக்க உராய்வையும் அவர் பிரித்துக் காட்டிவிட்டார்.

அடுத்து கூலோம். மின்சாரத்தில் அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். உராய்வில் அவர் செய்த வேலை அதற்கு முந்தையது. பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு போட்டி அறிவித்தது. கப்பி, கயிறு சுற்றும் உருளை, சாய்தளம் என்று கடற்படைக்குப் பயன்படும் பொறிகளுக்கு ஒத்துவரும் சோதனைகள் வேண்டும், அதுவும் பெரிய அளவில் வேண்டும் என்பது நிபந்தனை. சாய்தளம் அந்தப் பட்டியலில் இருந்ததற்குக் காரணம் கப்பலை இறக்கும் தளம்தான் என்று நினைக்கிறேன். ரோஷ்ஃபோர் கடற்படைத் தளத்தில் கூலோம் கனத்த மேசை போட்டு, அதன்மேல் சறுக்குச் சட்டம் வைத்து, எடை ஏற்றி இழுத்துப் பார்த்தார். மரத்தின்மேல் மரத்தைச் சில நொடி விட்டு இழுத்தார். சில நாள் விட்டும் இழுத்தார். கிடக்கக் கிடக்க, கிளப்புவதற்கு வேண்டிய விசை கூடியது. 1781இல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இவ்வளவும் அச்சில் இருந்த காலத்தில்தான் புருனெல் தம் தளத்தைப் போட்டார். கப்பலின் நீளத்துக்கு ஆறு போதாது. அதனால் நெடுக்கில் இறக்காமல், பக்கவாட்டில் இறக்க முடிவு செய்தார். வாட்டம் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது ஐந்து டிகிரிக்குச் சற்றுக் குறைவு. வழக்கப்படி மரத்தின்மேல் கொழுப்பு தடவிச் சறுக்கவிடாமல், தளத்தில் இரும்புத் தண்டவாளம் பதித்தார். கப்பலைத் தாங்கிய இரண்டு தொட்டில்களின் அடியிலும் இரும்புப் பட்டைகளை வைத்தார். மாதக்கணக்கில் பாரம் அழுத்தினால் கொழுப்பு பிதுங்கிப் போய்விடும், பிறகு கப்பல் பிடித்துக்கொள்ளும் அல்லது பிய்த்துக்கொண்டு ஓடும் என்பது அவர் பயம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயம் புரியும். 12,000 டன்னில் சரிவின் வழியே கீழே இழுக்கும் பங்கு, எடை பெருக்கல் சைன் கோணம்: ஏறக்குறைய 1,000 டன். தளத்தை அழுத்தும் பங்கு, எடை பெருக்கல் கொசைன்: 11,960 டன். இதை இயக்க உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் எதிர்க்கும் விசை. குணகம் 0.08 என்றால் உராய்வு 957 டன். நாற்பது டன் மிச்சம். கப்பல் சாதுவாக இறங்கும். 0.12 என்றால் 1,435 டன். நானூறு டன்னுக்கு மேல் துண்டு விழுகிறது, தள்ளாமல் அசையாது. 0.05 என்றால் நானூறு டன் மிச்சம். அறுபது மீட்டர் சறுக்கியதும் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடித்திருக்கும். பன்னிரண்டாயிரம் டன் இரும்பு, பக்கவாட்டில், அந்த வேகத்தில் ஆற்றில் விழுவதை நினைத்துப் பாருங்கள். மூன்று முடிவுகளுக்கும் நடுவில் இருப்பது நூறில் மூன்று நான்கு பங்கு வித்தியாசம்தான்.

என் லேபில் பித்தளைக் கோணமானி பொருத்திய தேக்குப் பலகையில் இதே சோதனையைப் பிள்ளைகள் செய்வார்கள். பலகைமேல் வைத்த பெட்டியைக் கயிற்றால் இழுக்கும் தட்டில் எடையைக் கூட்டிக்கொண்டே போய், பெட்டி ஒரே சீராக நகரும் எடையைக் குறிக்க வேண்டும். பலகையை உள்ளங்கையால் துடைத்தவன் எண்ணும் துணியால் துடைத்தவன் எண்ணும் ஒத்துப்போகாது. ஐப்பசி மழையில் எடுத்த எண் சித்திரையில் வராது. கையகலப் பெட்டிக்கே இப்படி என்றால் மில்வால் பனியில் கிடந்த தண்டவாளத்துக்கு என்ன சொல்ல?

ஓடிவிடக் கூடாது என்பதற்குப் புருனெல் செய்த ஏற்பாடுகள் பிரமாண்டம். பெரிய உருளைகளில் சங்கிலி சுற்றி, அவற்றுக்கு பிரேக் போட்டிருந்தார். வாயில் சுருட்டும் தலையில் உயரத் தொப்பியுமாக அவர் நிற்கும் புகழ்பெற்ற புகைப்படத்தில் பின்னால் தொங்குவது கப்பல் இறக்கும் ஏற்பாட்டுச் சங்கிலிதான். முதல் நாள் தொட்டில் சட்டென்று அசைந்ததும் பின்பக்க உருளையின் கைப்பிடிகள் சுழன்று, பிடித்திருந்த ஆட்களைத் தூக்கி எறிந்தன. உயிர்ப்பலி நேர்ந்தது. பிறகு வாரக்கணக்கில் நீரழுத்த ஜாக்கிகளை வைத்துத் தள்ளினார்கள். கப்பல் அங்குலம் அங்குலமாக நகரும், நிற்கும், மறுபடி கிளப்ப இன்னும் அதிக விசை கேட்கும். கூலோம் எழுதி வைத்தபடியே. ஜாக்கிகள் வெடித்தன, புதியவை வந்தன. டாங்கி சகோதரர்கள் என்ற சின்னக் கம்பெனிக்குப் பேர் வந்ததே அந்த ஜாக்கிகளால்தான். புருனெல் 1859 செப்டம்பரில் இறந்தார். வயது 53.

அவரைக் கர்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கொழுப்பு நம்பத்தகாதது, இரும்பு நிதானமானது என்ற அவர் ஊகம் தவறியது; கணக்கு தவறவில்லை. ஓடுவதற்கு அஞ்சிய அளவு ஓடாமல் போவதற்கு அவர் அஞ்சவில்லை.

அவருக்குப் பிறகும் கப்பல் கட்டுகிறவர்கள் கொழுப்பு தடவிய மரத்தை விடவில்லை. 1911 மே 31 அன்று பெல்ஃபாஸ்டில் டைட்டானிக்கை இறக்கியபோது தளத்தில் பூசிய கொழுப்பும் சோப்பும் மட்டும் 22 டன். கிரேட் ஈஸ்டர்னைப் போல இரு மடங்கு எடையுள்ள அந்த உடல் 62 நொடியில் ஆற்றில் இருந்தது. நன்றாகப் பூசிய தளத்தில் இயக்க உராய்வுக் குணகம் 0.02க்குப் பக்கம் வந்துவிடும். அதனால் வாட்டத்தையும் குறைக்க முடிந்தது. கப்பல் இறங்கும்போது ஒவ்வொரு தூரத்தையும் எத்தனை நொடியில் கடந்தது என்று குறித்து, அதிலிருந்து முடுக்கத்தைக் கண்டு, குணகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அன்றைய குளிர், பூசிய பொருள், அழுத்தம் எல்லாவற்றோடும் பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். அடுத்த கப்பலுக்குத் தளம் போடுகிறவர் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான்.