கைக்காசில் போட்ட நூலின் அட்டை

எழுதியவரே செலவு செய்து நூலை வெளியிடும் வழக்கம் தமிழில் பழையது. பாரதியார் ‘ஸ்வதேச கீதங்கள்’ தொகுப்பை 1908-இல் தாமே வெளியிட்டார். அந்தக் கால நூல்கள் பலவற்றுக்கு அட்டைப்படம் கிடையாது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சுக்கூடம், விலை ஆகியவற்றை ஈய எழுத்தில் கோத்து, சுற்றிலும் பூவேலைக் கரை கட்டி, வண்ணத்தாளில் அடித்தால் அதுவே முகப்பு.

படம் வேண்டுமென்றால் பிளாக் (அச்சுக்கட்டை) செய்ய வேண்டும். நிறத்துக்கு ஒரு பிளாக். ஒவ்வொன்றுக்கும் தாள் ஒருமுறை எந்திரத்தில் ஓட வேண்டும். கைக்காசு போடுகிறவர் ஒன்றிரண்டு நிறத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த நெருக்கடியிலிருந்தே தமிழ் அட்டைக்கு ஓர் அழகு பிறந்தது. 1970-இல் தொடங்கிய ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்கள் எழுத்தாளர்களையும் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர்களையும் நண்பர்களாக்கின. அங்கு பயின்ற ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் (1938–2008) கோட்டோவியத்துக்குக் கறுப்பு மை ஒன்றே போதும். தலைப்பையும் அவர் கையாலேயே எழுதினார். எழுத்தே ஓவியமாகும் என்று தமிழ் வாசகருக்குக் காட்டியதில் அவருக்கு இணையானவர் குறைவு.

ஆஃப்செட் அச்சு நான்கு வண்ணத்தை எளிதாக்கியது. 1990-களில் கணினிவழி அச்சுக்கோப்பு (டிடிபி) பரவியதும் அட்டை வேலை கணினிக்குப் போனது. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா ‘சுதந்திர தாகம்’ நாவலைத் தாமே வெளியிட்டது அந்தப் பத்தாண்டில்தான். அதற்கு 2001-இல், அவர் மறைந்த பிறகு, சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இன்று ஓசூரில் ஆலை வேலைக்கிடையே எழுதுகிறவர், அட்டைக்காகச் சென்னைக்கோ பக்கத்திலுள்ள பெங்களூருக்கோ அலைய வேண்டியதில்லை. வடிவமைப்பாளர் எந்த ஊரில் இருந்தாலும் கோப்பு செல்பேசிக்கு வந்துவிடும். ஆனால் பக்க எண்ணிக்கை முடிவாகாமல் முழு அட்டையை முடிக்க முடியாது. 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் 200 பக்க நூலின் முதுகு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரும்; கணக்குத் தவறினால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் அடித்து, மேட் லேமினேஷன் போடுவது இப்போது பரவலான முறை.

2016 டிசம்பரில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் தமிழை ஏற்ற பிறகு முதுகும் பின்னட்டையும் இல்லாத முகப்பும் வந்தது. தபால்தலை அளவுக்குச் சுருங்கினாலும் அதன் தலைப்பு படிக்கும்படி இருக்க வேண்டும்.

அட்டை வடிவமைத்தவர் பெயரை உரிமைப் பக்கத்தில் அச்சிடுவது நல்ல பதிப்பகங்களின் வழக்கம். சொந்தச் செலவில் நூல் போடுகிறவர்களும் அதை விட்டுவிடக் கூடாது.