கணப்புக்குள் ஓர் அடுப்பு பிறந்த கதை

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-ல் ஊட்டியில் கட்டத் தொடங்கிய கல் வீடு, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஊட்டியிலும் குன்னூரிலும் எழுந்த பங்களாக்களில் பெரிய அறைகளுக்கெல்லாம் கணப்பு வைத்தார்கள். நிலக்கரியை மலையேற்றினால் கட்டுப்படியாகாது. எரிந்ததெல்லாம் சோலை மரம். சில பத்தாண்டுகளிலேயே ஊரைச் சுற்றியிருந்த சோலைகள் மெலிந்தன. 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விறகுக்கென்றே அதைத் தோப்புத் தோப்பாக நட்டார்கள். ஊட்டியின் தைல வாசனைக்குக் கணப்பும் ஒரு காரணம்.

அத்தனை விறகில் பெரும்பகுதி வானத்தைத்தான் சூடாக்கியது. திறந்த கணப்பு தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தாலே பெரிது. மிச்சம் சிம்னி வழியே போகும். போகிற போக்கில் அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கில் குளிர்காற்று நுழையும். முழங்கால் வேகும், முதுகு விறைக்கும்.

இந்தக் குறை ஊட்டி பிறப்பதற்கு முன்பே தெரிந்ததுதான். 1740-களில் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் கணப்புக்குள் வைக்க ஓர் இரும்புப் பெட்டி செய்தார். 1744-ல் அதை விளக்கிச் சிறுநூலும் போட்டார். காப்புரிமை கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். மனசு பெரிசு, அடுப்புதான் சரியில்லை. புகை முதலில் கீழே இறங்கி, பிறகு சிம்னிக்கு ஏற வேண்டும் என்பது அவர் கணக்கு. சூடான புகை அவ்வளவு லேசில் கீழே இறங்குமா? சிம்னி சூடேறும்வரை அறைக்கே திரும்பியது. 1796-ல் ரம்ஃபோர்டு பிரபு இரும்பை விட்டுவிட்டுக் கணப்பையே திருத்தினார்: ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை போகும் கழுத்தைச் சுருக்கினார்.

கண்ணாடிக் கதவு வைத்து, காற்றை அளந்து விடும் இன்றைய 'இன்சர்ட்' 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் பரவியது. விலை எகிறியதும் அமெரிக்கர்கள் மறுபடி விறகுக்குப் போனார்கள். ஆனால் பலர் அடுப்பைக் கணப்புக்குள் தள்ளிவிட்டு அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். மெதுவாக எரியும் அடுப்பின் புகை, அகலமான பழைய சிம்னியில் ஏறும்போது குளிர்ந்து தாராகப் படிந்தது. ஒருநாள் அந்தத் தார் பற்றிக்கொண்டால் சிம்னியே கொழுந்துவிட்டு எரியும். அடுப்பின் புகைவாயிலிருந்து சிம்னியின் உச்சிவரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கும் வழக்கம் இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

நீலகிரிப் பழைய பங்களாவில் இன்சர்ட் வைக்கிறவர் அடுப்புக்கு முன் சிம்னியைப் பார்க்க வேண்டும். பறவைக் கூடு, காரை உதிர்ந்த இடுக்கு, புகைவழியை ஒட்டிச் சுவருக்குள் போகும் மர உத்தரம் மூன்றையும் தேடச் சொல்லுங்கள். உத்தரம் இருந்தால் மேஸ்திரி என்ன சமாதானம் சொன்னாலும், அதைச் சரிசெய்யாமல் பற்றவைக்கக் கூடாது. எஃகுக் குழாய்க்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர் அடுப்பே வாங்க வேண்டாம். அறைக்கு மீறிய பெரிய அடுப்பும் வம்புதான்: சூடு தாங்காமல் காற்றை அடைத்து வைப்பீர்கள், தார் சேரும். கதவைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு தேய்ந்ததா என்று பார்க்கப் பத்து ரூபாய்த் தாள் போதும். ஆறிய அடுப்பில் தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். லேசாக வந்தால் கயிற்றை மாற்றுங்கள்.

விறகு சீகை (வாட்டில்) மரமோ கற்பூர மரமோ, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கற்பூர மரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் கோடாலிக்கு மசியாது. இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் என்பதால், மேலே கூரை போட்டுப் பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் வசதியில்லை என்றால் கம்பளி போதும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கையறையில் கரிச்சட்டி மட்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது.