பிறப்பைத் தண்டித்த சட்டம்: குற்றப் பரம்பரைச் சட்டமும் திருச்சபையும்

நேமத்தான்பட்டி, காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களை உள்ளடக்கிய செட்டிநாட்டின் பெரும்பகுதி, 1910ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1985ஆம் ஆண்டில் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதிக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர் சூட்டப்பட்டது. 1997 முதல் அது சிவகங்கை மாவட்டம் என்றே வழங்குகின்றது. அவர் பெயர் ஒரு மாவட்டத்திற்கே சூட்டப்படும் அளவு மக்கள் நினைவில் நின்றதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது, மக்கள் "கைரேகைச் சட்டம்" என்று அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து அவர் நடத்திய போராட்டமாகும்.

அச்சட்டம் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எனினும் அதனைத் தோற்றுவித்த மனநிலை மறைந்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. குற்றம் பெருகிவிட்டது, தண்டனையைக் கடுமையாக்குங்கள், சிறையிலிருப்போரை எளிதில் வெளியே விடாதீர்கள் என்னும் குரல் ஆள்வோரிடமிருந்தும் ஊர்ப் பெரியோரிடமிருந்தும் எழும்போது, திருச்சபை எவ்வாறு விடையளித்தல் வேண்டும்? இவ்வினாவை ஆராய்வதற்குக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படும். அவ்வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு.

காவல் முறையும் மக்களின் அச்சமும்

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் ஊர்க்காவல் என்பது கள்ளர், மறவர் ஆகியோருக்குரிய பழைய உரிமையாக இருந்தது. காவற்காரர் ஊரிடமிருந்து காவற்கூலி பெற்றனர். பொருள் களவு போயின் அதனை மீட்டுத் தருவதோ, ஈடு கட்டுவதோ அவர்தம் பொறுப்பு. ஆங்கிலேயர் காவல்துறையை நிறுவியபின் இம்முறை சட்டத்திற்குப் புறம்பானதாகக் கருதப்பட்டது. ஆயினும் நடைமுறையில் நீடித்தது. காலப்போக்கில் கூலி கொடாதவர் வீட்டிலேயே களவு நிகழ்கின்றது என்னும் முறையீடு வலுத்தது.

இம்முறையீட்டைப் பொய்யெனத் தள்ளிவிட இயலாது. 1896ஆம் ஆண்டில் திண்டுக்கல் வட்டாரத்தில் உழவர்கள் ஒன்றுதிரண்டு கள்ளர் காவற்காரரை ஊர்களினின்று வெளியேற்றினர். வீடுகள் எரிக்கப்பட்டன, கிளர்ச்சி அண்டை வட்டங்களுக்கும் பரவியது. செட்டிநாட்டின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். நகரத்தார் ஆடவர் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் தவணை முறையில் தங்கி வட்டித் தொழில் நடத்தினர். முதியோரும் பெண்டிரும் நிறைந்த பெருவீடுகளுக்குக் காவல் என்பது அற்பச் செய்தியன்று. ஆகவே கடுமையான சட்டம் வேண்டும் என்று கேட்டவர் அனைவரும் கொடியவர் அல்லர். அவர்தம் அச்சம் உண்மையானதே. அவ்வச்சத்திற்கு அரசு அளித்த விடையே ஆராயத்தக்கது.

சட்டம் கூறியது யாது?

1871ஆம் ஆண்டில் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் உரியதாயிற்று. அக்காலச் சட்ட மொழியில் மாகாண அரசுக்கு "உள்ளூர் அரசு" என்பதே பெயர். ஒரு குலத்தார் தொடர்ந்து குற்றம் புரிகின்றனர் என்று நம்புவதற்குக் காரணம் உண்டென உள்ளூர் அரசு கருதின், அக்குலம் முழுவதையும் குற்றப் பரம்பரை என அறிவிக்கலாம். அவ்வறிவிப்பின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் வினவ இயலாது.

அறிவிக்கப்பட்டோரின் பெயர் பதிவேட்டில் ஏறும், கைரேகை எடுக்கப்படும். குறித்த வேளைகளில் அதிகாரி முன் தோன்றுமாறோ, இருப்பிடத்தையும் அதன் மாற்றத்தையும் தெரிவிக்குமாறோ அவர்கள் பணிக்கப்படலாம். வெளியூர் செல்வதற்குச் சீட்டு வேண்டும். பதிவு பெற்றோரைப் பற்றித் தகவல் தருதல் கிராம அதிகாரிகளின் கடமையாயிற்று. குறிப்பிட்ட குற்றங்களுக்கு இரண்டாம் முறை தண்டனை பெறுபவருக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் ஆயுள் முழுவதும் நாடு கடத்தல். அதே குற்றத்தை வேறு குலத்தார் புரியின் இவ்விதி அவரைத் தொடாது.

பரோல் என்பதன் பொருளை ஈண்டு நினைவுகூர்க. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுச் சிறை சென்ற ஒருவருக்கு, நிபந்தனைகளுடன் சில நாள் அளிக்கப்படும் விடுப்பே பரோல் ஆகும். இச்சட்டமோ எக்குற்றமும் செய்யாத மனிதரையும் நிபந்தனை விடுப்பில் வாழும் கைதியாக்கிற்று. அவ்விடுப்புக்கு முன் விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை, முடிவு நாளும் இல்லை.

பெருங்காமநல்லூரும் அதன் பின்னரும்

மதுரை மாவட்டத்தில் 1914ஆம் ஆண்டளவில் கீழக்குடிக் கள்ளர் மீது தொடங்கிய பதிவு, சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் அனைவர் மீதும் விரிந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகேயுள்ள பெருங்காமநல்லூரில் மக்கள் கைரேகை தர மறுத்தனர். காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆப்பநாட்டு மறவர் மீதும் சட்டம் பாய்ந்தது. 1929 முதல் முத்துராமலிங்கத் தேவர் அதனை எதிர்த்து ஊர்தோறும் மக்களைத் திரட்டினார். 1934இல் அபிராமத்தில் மாநாடும் கூடிற்று. 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் அது நீங்கிய நாள் 1952 ஆகஸ்டு 31. ஆயினும் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று சென்னையில் இயற்றப்பட்டுவிட்டது.

திருச்சபையின் இரு முகங்கள்

குற்றப் பரம்பரையினரைக் குடியமர்த்தும் குடியேற்றங்களை நிறுவ 1911ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அவற்றை நடத்தும் பொறுப்பை அரசு பல இடங்களில் கிறிஸ்தவ அமைப்புகளிடம் ஒப்படைத்தது. குண்டூர்ப் பகுதியில் ஸ்டுவர்ட்புரத்தை இரட்சணிய சேனை நடத்திற்று. அவ்வூரின் பெயர், சென்னை அரசின் உயர் அதிகாரியாயிருந்த ஹெரால்டு ஸ்டுவர்ட்டின் பெயராகும். காவலியில் அமெரிக்க பாப்டிஸ்டு மிஷன் குடியேற்றம் நடத்திற்று. சேனையின் இந்தியப் பணியைத் தொடங்கிய பூத்-டக்கர், ஆட்சிப் பணியைத் துறந்து ஊழியத்திற்கு வந்தவர். இவர்கள் பள்ளி திறந்தனர், மருத்துவம் அளித்தனர், நிலமும் தொழிலும் தேடித் தந்தனர். இந்நன்மைகளை மறுத்தல் நன்றன்று. ஆனால் அக்குடியேற்றத்தில் வருகைப் பதிவும் நடந்தது. வெளியே செல்லச் சீட்டும் வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளியில் வைக்கவும் சட்டம் இடந்தந்தது. நற்செய்தி கூறிய வாயே பதிவேட்டுப் பெயர்களையும் அழைத்தது. தம்மை விட்டகல உரிமையற்றோரிடம் கூறப்படும் நற்செய்தி எத்தகையது என்னும் வினாவை அக்கால மிஷனெரிகளுள் பலர் எழுப்பவில்லை.

இதற்கு மறுபுறம் வேறொரு கிறிஸ்தவரைக் காண்கிறோம். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்த ஜார்ஜ் ஜோசப் (1887-1938), இச்சட்டத்தை எதிர்த்து எழுதியும் வாதாடியும் கள்ளர் மக்களுக்குத் துணைநின்றார். அவர்கள் அவரை "ரோசாப்பூ துரை" என அன்புடன் அழைத்தனர். அவருக்கெனக் குடியேற்றமில்லை, மானியமுமில்லை. ஒரு மனிதன் தன் செயலுக்கன்றித் தன் குலத்திற்காகத் தண்டிக்கப்படலாகாது என்னும் உறுதி மட்டும் இருந்தது. எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தை நாம் பிரசங்க பீடத்தில் விளக்குகிறோம். அவரோ நீதிமன்றத்தில் விளக்கினார் எனலாம்.

இன்றைய பொறுப்பு

இவ்வரலாற்றிலிருந்து தண்டனையே தவறு என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. 1997 ஜூன் 30ஆம் நாள், மேலூருக்கு அருகேயுள்ள மேலவளவில், தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் சென்றோரும் சாதி வெறியால் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் பதினேழு பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்களுள் மூவர் 2008லும், பதின்மூவர் 2019லும், தலைவர்களின் பிறந்தநாளையும் நூற்றாண்டையும் ஒட்டி முன்கூட்டியே விடுதலையாயினர். அவ்விடுதலை கண்டு ஒடுக்கப்பட்ட மக்கள் கலங்கியது பழிவாங்கும் வெறி அன்று. மெய்ப்பிக்கப்பட்ட கொலைக்குரிய தண்டனை தம் உயிரின் மதிப்பைக் காட்டும் என்று அவர்கள் நம்பினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. பெருங்காமநல்லூரில் செயல் இன்றியே பிறப்பு தண்டிக்கப்பட்டது. மேலவளவில் செயல் தெளிவாயிருந்தும், இறந்தவரின் பிறப்பு அவர்தம் உயிரின் எடையைக் குறைத்துவிட்டதோ என்று மக்கள் ஐயுற்றனர். கண்டிப்பும் இரக்கமும் மனிதரின் குலத்தைப் பார்த்து வழங்கப்படும்போது, இரண்டும் அநீதியாகின்றன.

2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம், சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாடுகளை அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. கைதிகளின் பதிவேடுகளிலிருந்து சாதிக் குறிப்பை நீக்குமாறும் பணித்தது. பழைய பதிவேட்டின் நிழல் நம் நாள் வரையும் நீண்டிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

எனவே கடுமையான சட்டம் வேண்டும் என்னும் தீர்மானத்திற்கு நம் ஊரார் ஆயரின் ஒப்பத்தை நாடி வரும்போது, அவர்தம் அச்சத்தை முதலில் பொறுமையுடன் கேட்போமாக. அதன்பின் மூன்று வினாக்களை எழுப்புவோமாக. இச்சட்டம் செயலைத் தண்டிக்கின்றதா, ஆளைத் தண்டிக்கின்றதா? இதன் பதிவேட்டில் எவர் பெயர்கள் ஏறும்? எவர் பெயர்கள் ஒருபோதும் ஏறா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே ஒப்பமிடுதல் நம் கடமை. பதிவேட்டைத் தாங்கும் பணி மீண்டும் நம்மிடம் வருமாயின், அது எத்துணை மானியத்தோடு வந்தாலும், அதனை மறுக்கும் துணிவைத் திருச்சபை பெறுவதாக.