பிள்ளைகள் பாட என்ன பாட்டு?

பள்ளி விழா வருகிறது. பிள்ளைகள் சேர்ந்து பாடக் களிப்பூட்டும் பாட்டு வேண்டும். கைக்கு அகப்பட்டதைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறோம் நாம். நம்மைப் போன்றோரைக் கண்டு ஒருவர் திடுக்கிட்ட வரலாறு அங்கேரி நாட்டில் உண்டு.

1925ஆம் ஆண்டு. புடா மலைப்பகுதியில் உலவச் சென்ற இசைமேதை சோல்தான் கோடாய், மாணவியர் கூட்டமொன்று பாடக் கேட்டார். பாட்டும் மட்டம், பாடிய முறையும் மட்டம். யார் இவர்கள்? ஆசிரியப் பயிற்சி பெறுவோர்! நாளை இவர்கள் பிஞ்சு உள்ளங்களுக்கு எதை ஊட்டுவார்கள்?

பாட்டுக்கா அந்நாட்டில் பஞ்சம்? 1905 முதல் சிற்றூர்தோறும் சென்று உழவர் பாடல்களைத் திரட்டியவர் அவர். மறு ஆண்டே பேலா பார்த்தோக்குடன் இருபது பாடல்களை நூலாக்கியவர். தலைநகர் இசையுலகிலோ செர்மானியச் செல்வாக்கு! சேற்றில் நின்றவன் பாட்டு சீமான் செவிக்கு ஏறுமா?

கோடாய் சிறுவரை நாடினார். அதே 1925இல் சிறுவர் குழுவுக்கென இரண்டு பாட்டுகள் அமைத்தார். ஒன்று, பச்சைக் கிளை ஏந்திய சிறுமியர் குளிரை விரட்டி வேனிலை வரவேற்கும் சிற்றூர் வழக்கிலிருந்து பிறந்தது; மற்றொன்று குறும்பு கொப்பளிப்பது. இரண்டிலும் களிப்பு உண்டு, கூச்சல் இல்லை. குரலோடு குரல் பின்னும் கலை உண்டு. ‘பிள்ளைகளுக்கு இது போதும்’ என்னும் நம் வழக்கம் அவரிடம் இல்லை!

1950இல் அவர் பிறந்த கெச்கெமேத் நகரில், நாள்தோறும் பாட்டுப் பாடம் நடக்கும் தொடக்கப்பள்ளி எழுந்தது. எழுத்துக்கும் கணக்குக்கும் பக்கத்தில் பாட்டும் அமர்ந்தது.